ஷவர் டைல்ஸ் வேலையைக் கெடுத்துவிட்டுப் போனவர் போனை எடுப்பதில்லை, ஸ்மால் கிளெய்ம்ஸ் (சிறு தொகை வழக்கு) போடலாமா?

கேள்வி:

இங்கிலாந்தில் இருப்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். மேல்மாடி பாத்ரூம் வேலையை ஒருவரிடம் கொடுத்தேன். டைல்ஸ், பிளம்பிங் எல்லாம் சேர்த்து 4,200 பவுண்ட், பேங்க் டிரான்ஸ்ஃபரில் முழுவதும் கொடுத்தாகிவிட்டது. இப்போது ஷவர் பக்கம் டைல்ஸ் இடுக்கில் பூசும் கிரவுட் விரிசல் விட்டு, கீழே ஹால் சீலிங்கில் ஈரம் இறங்கிக் கறை பரவிக்கொண்டே போகிறது. டைல்ஸ் போடும் வேறொருவரை வரவழைத்தேன், அவர் ஒரு டைலைக் கழற்றிப் பார்த்துவிட்டு, வெறும் பிளாஸ்டர்போர்டின் (ஜிப்சம் பலகை) மேலேயே ஒட்டியிருக்கிறார்கள், தண்ணீர் புகாமல் இருக்க எந்தப் பூச்சும் இல்லை என்கிறார். ஷவர் பகுதியைப் பெயர்த்து மறுபடி செய்ய 2,600 ஆகுமாம். பழைய ஆள் "வீடு அசைந்திருக்கும், என் பொறுப்பில்லை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டதோடு சரி. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், இருப்பது ஒரே பாத்ரூம். உடனே சரிசெய்துவிட்டு அப்புறம் வழக்குப் போடலாமா, இல்லை அப்படியே விட்டுவைக்க வேண்டுமா?

பதில் 1:

அந்த ஆளை இனி வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். புது ஆளை வைத்து வேலையை முடியுங்கள், பில்லை அவருக்கு அனுப்புங்கள், தராவிட்டால் கோர்ட். இவர்களிடம் கெஞ்சிக்கொண்டு இருக்கவே கூடாது.

பதில் 2:

மேலே சொன்னவரின் கோபம் நியாயம்தான், ஆனால் அந்த வரிசையில் போனால் வழக்கு பலவீனமாகும். நுகர்வோர் உரிமைச் சட்டம் 2015-இன்படி எந்த வேலையையும் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்து தர வேண்டும். செய்யாவிட்டால், அதே ஆளைத் தன் செலவில் திரும்பச் செய்யச் சொல்வதுதான் முதல் உரிமை. நியாயமான காலத்துக்குள் அவர் அதைச் செய்யாவிட்டால்தான் கொடுத்த விலையில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கும் கட்டம் வருகிறது. வாய்ப்பே கொடுக்காமல் பெயர்த்துப் போட்டால், "என்னைக் கேட்டிருந்தால் நானே வந்து சரிசெய்திருப்பேன்" என்று அவர் நீதிபதியிடம் சொல்வார், சுவரும் அப்போது இருக்காது.

அதனால் முதலில் ஒரு கடிதம். என்ன வேலை, எப்போது, எவ்வளவு கொடுத்தீர்கள், என்ன கெட்டுப்போயிருக்கிறது, என்ன கேட்கிறீர்கள் என்று எழுதி, 14 நாளுக்குள் பதில் வேண்டும், இல்லையென்றால் வழக்கு என்று முடியுங்கள். ஈமெயிலிலும் தபாலிலும் அனுப்புங்கள், தபால் அலுவலகத்தில் அனுப்பியதற்கான ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். சட்டப்பிரிவு எண்ணெல்லாம் அடுக்க வேண்டியதில்லை, திட்டவும் வேண்டாம், அந்தக் கடிதத்தை நாளை நீதிபதி படிப்பார்.

அந்த 14 நாளில் சான்றைச் சேருங்கள். கழற்றிய டைலின் பின்பக்கம், பிளாஸ்டர்போர்டு, சீலிங் கறை எல்லாவற்றையும் தேதியோடு படமெடுங்கள். புது ஆள் வாயால் சொன்னதை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள், என்ன பார்த்தார், அது ஏன் தவறு, சரிசெய்ய என்ன வேண்டும் என்று. முறையான நிபுணர் அறிக்கை என்றால் அதற்குக் கோர்ட்டின் அனுமதி வேண்டும், இந்தத் தொகைக்குப் பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது. கெடு முடிந்தும் பதில் இல்லையென்றால் தயங்காமல் வேலையைச் செய்யுங்கள், பெயர்க்கும்போது ஒவ்வொரு கட்டத்தையும் வீடியோ எடுங்கள். நஷ்டம் கூடாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்புதான், அதனால் இப்போதே ஷவரைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டுக் குளியல் தொட்டியோடு சமாளியுங்கள்.

பதில் 3:

வழக்குப் போடும் முன் ஒன்றைப் பாருங்கள், நிறையப் பேர் இதில்தான் மாட்டுகிறார்கள். இன்வாய்ஸில் இருப்பது அவருடைய சொந்தப் பெயரா, லிமிடெட் கம்பெனியா? கம்பெனி என்றால் கம்பெனியின் மேல்தான் போட வேண்டும், ஆளின் மேல் போட்டால் நிற்காது. கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான கம்பெனீஸ் ஹவுஸின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம், இன்னும் நடக்கிறதா, மூடப் போகிறதா என்று தெரியும். என் நண்பருக்கு முழுத் தொகைக்கும் தீர்ப்பு கிடைத்தது, ஆனால் அந்தக் கம்பெனியில் ஒன்றுமே இல்லை, இன்றுவரை ஒரு காசு வரவில்லை. தீர்ப்பு வந்தாலும் கோர்ட் தானாகப் போய் வசூலித்துத் தராது, பெய்லிஃப் (வசூலிக்கும் கோர்ட் அதிகாரி) அனுப்புவதற்கும் நாம்தான் தனியாகப் பணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும்.

சொந்தப் பெயரில் தொழில் செய்பவர் என்றால் நிலைமை உங்களுக்குச் சாதகம். தீர்ப்பு வந்து ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் சிசிஜே, அதாவது அந்தக் கோர்ட் தீர்ப்பு, 6 வருடம் பதிவேட்டில் கிடக்கும், அவருக்கு வேன் லோன் கூடக் கஷ்டம்.

பதில் 4:

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 10,000 பவுண்ட் வரை ஸ்மால் கிளெய்ம்ஸில் வரும், ஸ்காட்லாந்தில் முறையே வேறு, அங்கே 5,000 வரைதான். உங்கள் தொகைக்குத் தொடக்கக் கட்டணம் 115, விசாரணை வரை போனால் அதற்குத் தனிக் கட்டணம், ஜெயித்தால் இரண்டும் எதிராளியின் தலையில். வக்கீல் செலவு பொதுவாகத் திரும்பி வராது, அதனால் வக்கீல் இல்லாமலே போங்கள்.

2024 மே மாதத்திலிருந்து இந்த மாதிரி வழக்குகளில் முதலில் சமரசப் பேச்சு கட்டாயம். போனில் ஒரு மணி நேரம், இலவசம், இரண்டு பேரையும் நேரடியாகப் பேசவிடாமல் நடுவர் மாறி மாறிப் பேசுவார். எவ்வளவு வரை இறங்கலாம் என்று முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். 2,600-இல் 2,000 உடனே கையில் வந்தால், மாதக்கணக்கில் இழுத்து முழுத் தொகைக்குத் தீர்ப்பு வாங்கி அப்புறம் வசூலுக்கு அலைவதைவிட அதுவே மேல் என்பது என் எண்ணம்.

கேள்வி கேட்டவர்:

எல்லோருக்கும் நன்றி. இன்வாய்ஸை எடுத்துப் பார்த்தேன், சொந்தப் பெயர்தான், கம்பெனி இல்லை. கடிதத்தை இன்று இரவே எழுதிவிடுகிறேன். சீலிங்கைப் பூசி பெயிண்ட் அடிக்கும் செலவையும் இதிலேயே சேர்த்துக் கேட்கலாமா?

பதில் 2:

தாராளமாக. அவர் வேலையால் வந்த சேதம்தானே. அதற்கும் தனியாக எழுத்தில் கொட்டேஷன் வாங்கி, கடிதத்திலேயே தொகையைக் காட்டிவிடுங்கள். முதலில் சொல்லாத தொகையை வழக்கில் திடீரென்று நுழைத்தால் அவருக்குச் சண்டை போட ஒரு காரணம் கிடைக்கும்.