புதுப்பிப்பு: தங்கையின் எஸ்.ஏ.டி. ஆங்கிலச் சொல் தயாரிப்பு

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வை எழுதப்போகும் தங்கைக்குக் கடினமான ஆங்கிலச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பட்டியலை ஓரங்கட்டிவிட்டோம். அபூர்வச் சொற்கள் தெரிகிறதா என்று சோதிக்கும் கேள்விகள் 2016-லேயே போய்விட்டன. 2023 முதல் அமெரிக்காவுக்கு வெளியே எழுதும் மாணவர்களுக்குக் கணினியில்தான் தேர்வு. 25 முதல் 150 சொற்கள் வரை ஒரு சின்னப் பத்தி, அதற்கு ஒரே கேள்வி. கோடிட்ட இடம் இன்னும் உண்டு, ஆனால் துப்பு பத்தியிலேயே இருக்கும்.

அவளைத் தடுமாற வைத்தவை ஏற்கெனவே தெரிந்த சொற்கள்தான். 'நாவல்' என்றதும் கதைப்புத்தகம் என்று போய்விடுவாள். அறிவியல் பத்தியில் அது 'புதுமையான'. 'குவாலிஃபை' தகுதி பெறுவது மட்டுமல்ல, சொன்ன கருத்துக்கு வரம்பு கட்டுவதும்தான். இதற்கென்றே தனி நோட்டு போட்டிருக்கிறாள். சொல்லை மட்டும் எழுதாமல், படித்த வாக்கியத்தையே எழுதி அடிக்கோடிடுகிறாள்.

நீங்கள் சொன்னதில் அதிகம் உதவியது இது: நான்கு விடைகளையும் கையால் மறைத்துக்கொண்டு, விடுபட்ட இடத்துக்குத் தானே ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். தமிழில் வந்தாலும் சரி. அப்புறம்தான் விடைகளைப் பார்க்கலாம். இந்தத் தேர்வுக்கான ப்ளூபுக் செயலியில் உள்ள இலவச மாதிரித் தேர்வுகளில் இப்படியே பழகுகிறாள், நல்ல முன்னேற்றம் தெரிகிறது.

பழைய கதை, கவிதைப் பத்திகளில்தான் இன்னும் திணறுகிறாள். அதற்குப் பழக எளிதான வாசிப்பு ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள்.