மறு: 'கச்சேரி' இல்லாமல் ஒரு சொல் வேண்டும்

நண்பர்களே,
ஜெர்மன் இசையமைப்பாளர் ஹைன்ரிஷ் ஷூட்ஸ் பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை தரவேண்டும். முப்பதாண்டுப் போரில் (1618–1648) அவர் தலைமையிலிருந்த டிரெஸ்டன் அரண்மனை இசைக்குழு நலிந்துபோனது. பெரிய குழுவுக்கு ஆளும் இல்லை, பணமும் இல்லை. அப்போது, 1636இல், அவர் வெளியிட்டது 'க்ளைனே கைஸ்ட்லிஷே கொன்செர்ட்டே'. ஒன்று முதல் ஐந்து குரல்கள், துணைக்கு ஆர்கன், அவ்வளவுதான். 'சிறு ஆன்மிகக் கச்சேரிகள்' என்று எழுதிவிட்டு நானே சிரித்தேன். 'கொன்செர்ட்டே' இங்கே நிகழ்ச்சியின் பெயர் அல்ல, பாட்டு வகையின் பெயர்.
மீ.

மீ. அவர்களுக்கு,
தாலுகா கச்சேரி, மயிலாப்பூர் கச்சேரி சாலை எல்லாம் எங்கிருந்து வந்தன? அது உருது வழி வந்த அலுவலகச் சொல். எனக்குத் தாசில்தார்தான் நினைவுக்கு வருகிறார். மூலத்துக்குப் போவோம். லத்தீனில் 'கொன்செர்த்தாரே' என்றால் போட்டியிடுதல். அக்கால ஜெர்மன் இசையறிஞர் ப்ரெட்டோரியஸும் 1619இல் குரல்கள் தமக்குள் கைகலப்பதாகவே விளக்கினார். இகல் என்றாலும் போட்டி, பகை. ஆகவே 'இகலிசை'.
வே.

ஐயா, வள்ளுவர் இகலை நோய் என்கிறார். சமாதானம் கேட்டுப் பாட்டெழுதிய ஷூட்ஸின் தலையில் அந்தப் பெயரையா கட்டுவது? 1636 தொகுப்பின் முதல் பாட்டே ஒற்றைக் குரல்தான்: 'தேவனே, என்னை விடுவியும்', சங்கீதம் 70. தனி ஆள் யாரோடு இகலுவார்? இத்தாலியத்தில் அதே சொல்லுக்கு ஒத்துப்போதல் என்றும் பொருள். 'இசைவு' என்போம், பாட்டும் உடன்பாடும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. 'ஆன்மிக' என்று பொருள்படும் 'கைஸ்ட்லிஷ்' என்பதற்கு லுத்தரன் சபைகளில் 'ஞானப்பாட்டு' வழக்கு இருக்கவே இருக்கிறது. 'ஆவிக்குரிய' மட்டும் வேண்டாம், வெளியாட்கள் பேய்க்கதை என்பார்கள்.
செ.

ஒற்றைக் குரல் ஆர்கனோடு இகலும், அம்மா. அது போகட்டும். 1627இல் ம்யூல்ஹவுசனில் புனித ரோமப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் சிற்றரசர்களான தேர்வாளர்கள் கூடியபோது ஷூட்ஸ் எழுதிய 'தா பாச்செம்' கேட்டதுண்டா? ஒரு குழு 'ஆண்டவரே, சமாதானம் தாரும்' என்று மன்றாடுகிறது. அதே நேரத்தில் இன்னொரு குழு பெருமக்கள் ஒவ்வொருவருக்கும் 'வாழ்க' போடுகிறது. மன்றாட்டை வாழ்க அமுக்குகிறது. இதுவா இசைவு?
வே.

இரண்டு குழுவும் ஒரே தாளத்தில்தானே பாடுகின்றன?
செ.

பேசாமல் 'கன்செர்ட்டோ' என்றே விடலாமே. என் மாணவர்கள் அகராதியைத் தேடி ஓடமாட்டார்கள்.
ரா.

ஓடமாட்டார்கள், ஆனால் வயலின் கன்செர்ட்டோ என்று நினைத்துக்கொள்வார்கள். சரி, 'சிறு ஞான இசைவுகள்' என்று போடுகிறேன். சேர்த்து எழுதினால் உடம்படுமெய் வந்து 'ஞானவிசைவு' ஆகிறதே, யாராவது விசை என்று படித்தால்?
மீ.

திருவிசைப்பாவை யார் அப்படிப் படித்தார்கள்? சேர்த்தே எழுதுங்கள்.
செ.

பிரித்தே அனுப்பிவிட்டேன். நன்றி.
மீ.

அடுத்த பதிப்பிலாவது இகலிசையைப் பரிசீலியுங்கள்.
வே.