ரேம் கூட்டிய பிறகு மடிக்கணினி தானாக அணைந்து மீண்டும் தொடங்குகிறது

தெம்பனிஸ் அம்மா:
வணக்கம். என் மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் வடிவமைப்பு படிக்கிறாள். அவளுடைய மடிக்கணினியில் இருந்த 8 ஜிபி ரேம் (தற்காலிக நினைவகம்) போதவில்லை என்று, காலியான இடத்தில் 16 ஜிபி ஒன்றைக் கடையில் வாங்கிப் பொருத்தினோம். அன்றிலிருந்து திடீரென்று திரை கறுத்து, கணினி மறுபடி தொடங்குகிறது. கட்டுரை தட்டச்சு செய்யும்போது ஒன்றும் ஆவதில்லை. படத்தொகுப்பையும் காணொளி வகுப்பையும் சேர்த்துத் திறந்தால் போதும், அணைந்துவிடுகிறது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான 'ஈவென்ட் வியூவரில்' 'கெர்னல் பவர் 41' என்று வரிசையாக நிற்கிறது. மின்சாரக் கோளாறா? கடைக்காரரோ விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி நிறுவச் சொல்கிறார். அவள் ஒப்படைக்க வேண்டிய வேலையெல்லாம் அதில்தான் இருக்கிறது. வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

ஈசூன் பழுதுபார்ப்பவர்:
அம்மா, விண்டோஸில் இப்போது கை வைக்கவே வேண்டாம். புதிய ரேமைக் கழற்றிவிட்டு, முதலில் பிள்ளையின் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுங்கள். பழைய 8 ஜிபியோடு ஒழுங்காக ஓடினால் பாதி விடை கிடைத்துவிடும்.

கணினி முறையாக மூடப்படாமல் நின்றது என்பதை மட்டுமே 41 சொல்லும்; காரணத்தைச் சொல்லாது. 'ஸ்டார்ட்அப் அண்டு ரெக்கவரி' அமைப்பில் தானியங்கி மறுதொடக்கத்தை நிறுத்தி வையுங்கள். பிழையைக் காட்டும் நீலத்திரை வந்தால் அப்படியே நிற்கும், பிழையின் பெயரைப் படிக்கலாம்.

எனக்கு ரேம் மேல்தான் சந்தேகம். இலேசான வேலையில் பழுதான பகுதி தொடப்படாமலே கிடக்கலாம். நினைவகம் நிரம்பும்போதுதான் அங்கே எழுத நேரும். மறுபடி பொருத்துமுன் மின்கம்பியையும் பேட்டரி இணைப்பையும் கழற்றிவிடுங்கள். ரேமைச் சாய்வாக உள்ளே தள்ளி, பிறகு கீழே அழுத்த வேண்டும். இரு பக்கக் கொக்கிகளும் 'டிக்' என்று பிடிக்க வேண்டும். தங்க நிறப் பற்கள் ஒரு பக்கம் கூடுதலாகத் தெரிந்தால் சரியாக உட்காரவில்லை என்று பொருள். விசிறியின் மெல்லிய கம்பி விலகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது விலகினாலும் சூடேறி அணைந்துவிடும்.

அதன் பிறகு ரேமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86-ஐ யுஎஸ்பியில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள், ஒவ்வொரு ரேமையும் தனித்தனியாக, இரண்டு இடங்களிலும். ஒரே ரேம் இரண்டு இடத்திலும் பிழை காட்டினால் ரேம் பழுது. ஒரே இடத்தில் இரண்டு ரேமும் பிழை காட்டினால் தாய்ப்பலகையில் கோளாறு. ஒரு பிழைகூட ஏற்கத்தக்கதல்ல.

ஜூரோங் வாசகர்:
இரண்டின் ஒட்டுச்சீட்டையும் ஒப்பிடுங்கள் அக்கா. வேகம் ஒன்றில் 2666, மற்றதில் 3200 என்றால் பெரும்பாலும் இரண்டும் குறைந்த வேகத்தில் ஒத்துப்போகும். சில கணினிகளில் ஒத்துப்போவதில்லை.

ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். 2012 செப்டம்பரில் சிங்கப்பூரில் நடப்புக்கு வந்த, குறையுள்ள பொருள் வாங்கியவரைக் காக்கும் 'லெமன்' சட்டப்படி, பொருள் கைக்கு வந்த 6 மாதத்திற்குள் தெரியவரும் குறை, வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். அப்படியில்லை என்று நிரூபிப்பது கடைக்காரரின் பொறுப்பு. தனிநபரிடம் வாங்கியதற்கு இது பொருந்தாது, நீங்கள் கடையில்தானே வாங்கினீர்கள்.

தெம்பனிஸ் அம்மா:
மிக்க நன்றி ஐயா, தம்பி. புதிய ரேம் இரண்டு இடத்திலும் சிவப்பு வரிகளாகப் பிழை காட்டியது. பழையதில் ஒன்றுமில்லை. அந்தத் திரையின் படத்தையும் ரசீதையும் காட்டியதும் கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். மாற்றியது சோதனையில் தேறிவிட்டது.

ஈசூன் பழுதுபார்ப்பவர்:
மகிழ்ச்சி அம்மா. இன்னும் ஒரு வேலை பாக்கி. பழுதான ரேம் வழியாக எழுதப்பட்ட கோப்புகள் கெட்டிருக்கலாம். நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் (sfc /scannow) கட்டளையை ஓட்டுங்கள். அது விண்டோஸின் சொந்தக் கோப்புகளை மட்டுமே சரிபார்க்கும். அந்த நாட்களில் பிள்ளை சேமித்த வடிவமைப்புகளை அவளே ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கட்டும், ஒப்படைப்பதற்கு முன்பே.