குடவிரிவு: ‘உடைந்த இதயம்’ வேண்டாமே

ஐயா, வணக்கம்.

அதிர்ச்சியில் இதயத்தசை திடீரென்று தளர்ந்துபோகும் நோய் டக்கோட்சுபோ. நம் கலைச்சொல் பட்டியலில் அதற்குத் தமிழில் நீங்கள் சொன்ன ‘உடைந்த இதய நோய்’ எனக்கு ஒப்பவில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு ஆயாவுக்கு இது வந்தது. தாத்தா இறந்த மூன்றாம் நாள், நெஞ்சு வலிக்கிறது என்று சரிந்தார். இசிஜி, ட்ரோபோனின் என்கிற ரத்தப் பரிசோதனை எல்லாம் மாரடைப்பு மாதிரியே. ஆஞ்சியோ எடுத்தால் ரத்தக்குழாயில் அடைப்பே இல்லை. டாக்டர் யாரோ ‘மனசு உடைந்த நோய்’ என்று எளிமையாகச் சொல்லப்போக, உறவுக்காரர்கள் “மனசு உடைஞ்சதுக்கு எதுக்கு மாத்திரை?” என்று அட்டையைத் தூக்கி ஃபிரிட்ஜ் மேல் போட்டுவிட்டார்கள். பெயர் பண்ணிய வேலை. தவிர, உடைந்தது ஒட்டாது. இந்தத் தசையோ பெரும்பாலும் சில வாரங்களில் தேறிவிடுகிறது.

துக்கம் ஆம்பளைக்கும்தான் வருகிறது. ஆனால் இந்த நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பெரும்பாலோர் மாதவிலக்கு நின்று, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைந்தவர்கள். சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இதயத்தசைச் செல்களிலேயே இருக்கின்றன. அதிர்ச்சியில் அட்ரினலின் பொங்கும்போது அது தசையைத் தாக்கும் வேகத்தை ஈஸ்ட்ரோஜன் மட்டுப்படுத்துவதாகக் கருதுகிறார்கள். சினைப்பை அகற்றிய எலிகளை அசையவிடாமல் கட்டிவைத்தபோது இதயம் தளர்ந்தது. ஈஸ்ட்ரோஜன் கொடுத்த எலிகளுக்குப் பாதிப்பு குறைவு. அதற்காக ஈஸ்ட்ரோஜனை ‘இதயக்காப்பு’ என்று எழுதிவிடாதீர்கள். அமெரிக்காவில் 16,608 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வை 2002இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோயோடு மாரடைப்பும் கூடியிருந்தது. காப்பு கட்டியாச்சு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ஜப்பானியர்கள் 1990இல் வடிவத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். டக்கோ என்றால் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்), சுபோ என்றால் பானை, அதைப் பிடிக்க வைக்கும் பானை. இந்த நோயில் இதயத்தின் இடது கீழறையின் நுனி சுருங்காமல் உப்பி நிற்கும், மேல்பாகம் மட்டும் இறுகும். குறுகிய கழுத்து, உருண்ட வயிறு. ‘பேய்க்கணவாய்ப் பானை நோய்’ என்று பெயர்த்துக்கொண்டு காசிமேடு பக்கம் போனால் சிரிப்பார்கள். நான் பார்த்தவரை அங்கே அது வலையில் ஏறி வருவதுதான்.

நமக்கு அந்த வடிவம் தண்ணீர் லாரிக்காகத் தெருவில் வரிசை போட்டிருக்கிறது. எக்கோ படத்தைக் காட்டியபோது ஆயாவின் பேத்தி சொன்னாள்: “நம்ம பச்சைக் குடம் மாதிரியே இருக்கு.” குடமுழா, குடவோலை என்று முன்னமே இருக்கிற வழிதான், ‘குடவிரிவு’ என்று வைக்கலாமா? ‘வீக்கம்’ வேண்டாம், அழற்சி ஞாபகம் வரும்.

மறுமொழி:

தம்பி, ‘உடைந்த’தை எடுத்துவிடுகிறேன். குடவிரிவு நன்றாக இருக்கிறது. ஒரே பயம், தட்டச்சில் ஒரு ‘ல்’ நுழைந்தால் குடல்விரிவு. நோயாளி குடல் டாக்டரிடம் போய் உட்காருவார். ‘கீழறைக் குடவிரிவு’ என்றே எழுதுவோம். அப்புறம், நம் பட்டியலில் ‘சூலகம்’ என்று இருக்கிறதே, நீங்கள் சினைப்பை என்கிறீர்கள்?

மறுமொழி:

சூலகம் பூவுக்கு இருக்கட்டும் ஐயா. ‘சினைப்பை நீர்க்கட்டி’ என்றால் எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஆயாவிடம் சூலகம் என்று சொல்லிப் பார்த்தேன், “எந்தக் கோயில்ல?” என்று கேட்டார்.