சேலத்துக்கு வந்து சேரும் கடற்பாசி: பார்த்ததைப் பகிருங்கள்

அஸ்தம்பட்டி ஆய்வகம்
அகார் (கடல்பாசி ஜெல்லியை உறையவைக்கும் பொருள்) எடுக்கும் பயிற்சிக்கு வந்த காய்ந்த மரிக்கொழுந்துப் பாசி, 5 கிலோ மூட்டை. அலசியபோது வாளி அடியில் ஒரு கைப்பிடி வெள்ளைக் கல் துணுக்கு தங்கியது. பாதித் துணுக்குகளில் பாசியின் அடிப்பிடி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நுனியைக் கிள்ளாமல் அடியோடு பெயர்த்த சரக்கு. அடித்தண்டு பாறையில் மிஞ்சினால்தான் மரிக்கொழுந்து திரும்பத் தழைக்கும். துணுக்கில் எலுமிச்சைச் சாறு விட்டதும் நுரைத்தது. பவளம்! மன்னார் வளைகுடாவில் 2016-ல் கடல் சூடேறிப் பவளப்பாறை வெளுத்த பிறகும் இப்படியா பறிப்பது?

கோட்டைச் சமையல்
மூட்டையைப் பற்றித் தெரியாது. கடல்பாசி உறையவில்லை என்ற புகார்தான் இங்கே அடிக்கடி வருகிறது. லிட்டருக்கு 10 கிராம், ஊறவைத்து, இழை முழுக்கக் கரையும்வரை கொதிக்க வேண்டும். எலுமிச்சை, திராட்சைச் சாற்றை இறக்கிய பிறகு சேருங்கள். புளிப்போடு கொதித்தால் அகார் உடைந்துவிடும்.

ஏற்காடு காப்பி
பாசிச் சாறு தெளித்த அரபிகா செடியில் மூன்றாம் நாள் இலை ஓரம் மட்டும் கோடு கிழித்தாற்போல் பழுப்பாகத் தீய்ந்திருந்தது. பிழிந்த சாற்றை அளவில்லாமல் கலந்ததுதான் காரணம். அதில் பொட்டாஷும் உப்பும் நிறைய. நண்பர்களே, பச்சைச் சாறு என்றால் 1 லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர். கடையில் விற்கும் அடர்த்தியான திரவம் என்றால் லிட்டருக்கு 2 அல்லது 3 மில்லி, புட்டியில் போட்டிருப்பதைத் தாண்டாதீர்கள். காலை பத்துக்குள் முடியுங்கள், உச்சி வெயிலில் துளி காய்ந்து உப்பு இலையிலேயே படியும். காப்பியைப் பூக்கவைக்கும் கோடை மழைக்குப் பின் விரிந்த பூவில் படவே கூடாது. நாலு செடியில் தெளித்து ஒரு வாரம் பாருங்கள். தொழுவுரத்துக்கு இது மாற்றாகாது, ஊக்கி மட்டும்தான். வளர்ப்புப் பாசியில் எடுத்தது என்பதால் கடலுக்கும் கேடில்லை.

மரவனேரி
ஏற்காட்டு நண்பருக்கு: கேடில்லை என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. அந்த வளர்ப்புப் பாசியான கப்பாஃபைகஸ் நம் கடலுக்குரிய பாசி அல்ல. அதை வளர்க்கும் தெப்பத்திலிருந்து ஒடிந்த துண்டே வேறிடத்தில் வளரும். மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் பவளத்தின் மேல் போர்வையாகப் படர்ந்தது பதிவாகியிருக்கிறது. 12 அடிச் சதுர மூங்கில் தெப்பத்தில் 60 கிலோ விதை கட்டினால் 45 நாளில் நாலு மடங்கு. ஆனால் தண்ணீர் 32 டிகிரிக்கு மேல் நின்றால் தண்டு இடையிடையே வெளுத்து, குழைந்து, அந்த இடத்தில் ஒடியும். ஐஸ்-ஐஸ் என்பார்கள். சூட்டில் தளர்ந்த தண்டில் பாக்டீரியா ஏறுவதால் வருவது. விளைச்சலும் போகும், ஒடிந்த துண்டுகளும் கடலில் சிதறும்.

அஸ்தம்பட்டி சாருக்கு: நுரைத்தால் மட்டும் பவளம் ஆகாது. சிப்பியும் நுரைக்கும், சுண்ணாம்பு படிந்த ஹாலிமெடா பாசியும் நுரைக்கும். 10 மடங்கு லென்ஸில் வட்டக் குழியும் உள்ளே நட்சத்திரத் தடுப்புகளும் தெரிய வேண்டும். தெரிந்தாலும், மரிக்கொழுந்து பெரும்பாலும் செத்த பவளத்தில்தான் படரும். பாசி பறிக்க விரலில் துணி சுற்றி மூச்சடக்கி மூழ்கும் பெண்கள் மேல் பழி போட அந்தக் கைப்பிடி போதாது. மாதத்தில் இத்தனை நாள்தான் பறிப்பது என்று அவர்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்.

அஸ்தம்பட்டி ஆய்வகம்
லென்ஸில் பார்த்தாயிற்று, குழிகள் தெரிகின்றன. செத்த பவளம் என்பதையும் ஏற்கிறேன், ஓரங்கள் மழுங்கியிருக்கின்றன. பறிப்பவர்களைக் குறை சொன்னது தவறு. எடைக்கு மட்டும் காசு கொடுத்தால் கல்லும் எடைதான். ஆனால் செத்த பவளமும் வெறும் கல் அல்ல. பவளக் குஞ்சும் பாசி வித்தும் ஒட்டி எழ அதுதான் தரை. அடுத்த முறை கல் நீக்கிய எடைக்கு, கூடுதல் விலையில் கேட்கப் போகிறோம். மாதிரிக்கு 100 கிராம் அலசி, அடியில் தங்குவதை நிறுத்துப் பார்த்தபின் மூட்டை எடுப்போம்.