பேரல் ரேஸிங் குதிரைக்கு டிரெஸ்ஸாஜ் பழக்கியவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். டெக்சாஸில் இருக்கிறோம். மகள் பேரல் ரேஸிங்கில், அதாவது மூன்று பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையை வேகமாக ஓட்டும் போட்டியில், கலந்துகொள்கிறாள். அவளுடைய குவார்ட்டர் ஹார்ஸ் இனப் பெண் குதிரைக்கு வேகத்தில் குறைவே இல்லை. வலப்பக்கம் திரும்பும்போதுதான் சிக்கல்: உள்தோளைச் சாய்த்துப் பீப்பாய் மேலேயே விழுகிறது. கடிவாளத்தை இழுத்தால் கழுத்து மட்டும் வளைகிறது, தோள் அசைவதில்லை. ஒரு பீப்பாய் உருண்டால் 5 விநாடி அபராதம். அந்த ஓட்டமே போயிற்று.

பல், முதுகு, சேணம் எல்லாம் பார்த்தாயிற்று. அதனால் பீப்பாய்களை ஓரமாக வைத்துவிட்டு டிரெஸ்ஸாஜ் (குதிரையைப் பின்னங்கால்களில் எடை ஏந்திச் சமநிலையோடு நடக்கப் பழக்கும் பயிற்சி) தொடங்கியிருக்கிறோம். 20 மீட்டர் வட்டத்தில் நடை சீராகிவிட்டது. கால் அழுத்தத்துக்குப் பக்கவாட்டில் அழகாக விலகுகிறது. ஷோல்டர்-இன் (தோளைச் சற்று உள்பக்கம் கொண்டுவந்தபடி முன்னோக்கி நடத்தும் பயிற்சி) பழக்கினால் தோள் நிமிரும் என்று நம்புகிறேன்.

அதற்கு முன்பே 10 மீட்டர் வட்டத்துக்கு இறங்கலாமா? பின்னங்கால்களில் எடை ஏந்தும் பழக்கம் முழுவேகத்திலும் நிலைக்குமா? மீண்டும் பீப்பாய்க்கு எப்போது கொண்டுபோனீர்கள்? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.