மறுமொழி: 'பிரிகோஷியல்' குஞ்சுக்கு 'நடைக்குஞ்சு' என்றால் என்ன?

வணக்கம் ஐயா. முட்டையிலிருந்து வந்த சிறிது நேரத்திலேயே கண் திறந்து, தூவியோடு எழுந்து நடக்கும் குஞ்சை ஆங்கிலத்தில் 'பிரிகோஷியல்' (precocial) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல்லாக நீங்கள் முன்வைத்த 'முன்முதிர் குஞ்சு' எனக்கு உறுத்துகிறது, ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கோல சிலாங்கூர் பக்கம் செம்பனைத் தோட்டத்துக் கால்வாய்களில் கானாங்கோழி சர்வசாதாரணம், மலாய்க்காரர்கள் அதன் குரலை வைத்தே ருவாக்-ருவாக் என்கிறார்கள். முகமும் மார்பும் தூய வெள்ளை, முதுகு கரும்பலகை நிறம், வாலுக்கு அடியில் மட்டும் செங்காவி. நடக்கும்போது குட்டை வாலை வெடுக் வெடுக்கென்று தூக்கும், அப்போது அந்தச் செங்காவி பளிச்சென்று தெரியும். தாழைக்கோழியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அதற்கு நெற்றியில் சிவப்புக் கேடயம், மார்பு கறுப்பு. மழைக்காலத்தில் இரவெல்லாம் கத்தும். இதன் உறவுப் பறவைகள் பல புதருக்குள்ளேயே பதுங்கிக் கிடக்க, இது மட்டும் லயத்து (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) வாசல்வரை வந்து மேயும்.

போன வாரம் வீட்டுக்குப் பின்னால் ஒன்று கால்வாய் ஓரமாக நடந்தது, பின்னாலேயே கரித்துண்டு போல நான்கு குஞ்சுகள். தாயா தகப்பனா தெரியவில்லை, இரண்டும் ஒரே தோற்றம். குஞ்சுகளுக்குக் கண் திறந்திருந்தது, உடம்பு முழுக்கக் கறுப்புத் தூவி, கால் நன்றாக ஊன்றியது. ஆனால் பறக்க முடியாது, பெரியது பூச்சியைப் பிடித்து நீட்ட அதன் அலகிலிருந்து வாங்கித்தான் தின்றன. இதை முதிர்ந்தது என்று எப்படிச் சொல்வது? லத்தீன் மூலத்தில் 'முன்னதாகவே பழுத்தது' என்ற பொருள் இருக்கலாம், நாம் அதை அப்படியே பெயர்க்க வேண்டியதில்லை. இதே பேச்சில் அக்கா ஒருவர் சொன்ன 'தன்னுண்ணிக் குஞ்சு'ம் இதே காரணத்தால் நிற்காது, ஊட்டிவிடுகிறதே!

கண்ணுக்குத் தெரிவது நடை. அதனால் 'நடைக்குஞ்சு'. மைனா, புறா மாதிரி கண் மூடி, தூவியில்லாமலோ குறைந்த தூவியோடோ பிறந்து கூட்டிலேயே கிடப்பது 'கூட்டுக்குஞ்சு'. நடைக்குஞ்சுப் பறவை, கூட்டுக்குஞ்சுப் பறவை என்று அடைமொழியாக்கவும் எளிது.

தொல்காப்பிய மரபியல் 'பார்ப்பும் பிள்ளையும் பறப்பவற் றிளமை' என்பதால் முதலில் 'நடைப்பிள்ளை' என்றுதான் எழுதிவைத்தேன். ஆனால் கிளிப்பிள்ளை நம் நாவில் ஊறிய சொல், கிளியோ கூட்டிலேயே கிடந்து வளர்கிற இனம். அப்புறம், நடைபழகும் குழந்தை என்றும் பொருள்படும். சரி, குஞ்சே போதும் என்று விட்டுவிட்டேன்.

வாத்துக்குஞ்சு நீந்துகிறதே என்று கேட்பீர்கள். கூட்டிலிருந்து தண்ணீர்வரை அதுவும் தாயின் பின்னால் நடந்துதானே போகிறது, ஐயா?